செவ்வாயும் வெள்ளியும் வந்த முடி

எங்கள் பூனைக்கு என்மேல் பாசம் பொங்கினால் என் தாடையைக் கடிக்கும். பல் படும், ரத்தம் வராது. கடித்து முடித்ததும் கடித்த இடத்தை நக்கிவிடும். அதன் நாக்கு உப்புத்தாள் மாதிரி. கடித்ததைவிட நக்கியதுதான் எரியும். முதல் தடவை கடித்த அன்று தையல் மிஷினை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வரிசையில் நின்ற இரண்டு மணி நேரத்தில் வெறிநோய், என் சாவு, எனக்குப் பிறகு என் மகள் யாரை அம்மா என்று கூப்பிடுவாள் என்பது வரைக்கும் யோசித்து முடித்திருந்தேன். டாக்டரம்மா என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, காயம் எங்கே என்று கேட்டார். காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பல விஷயங்களில் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் பூனையின் பாசம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் இப்போது தயங்காமல் சொல்வேன். அது நம் பாசம் மாதிரி இருக்காது. நான் பைகளுக்கு உள்துணி தைக்கிறவள். வெட்டிய துணிகளை அடுக்கி வைத்திருப்பேன். அடுத்து எந்தத் துண்டை எடுக்கப் போகிறேனோ, சரியாக அதன்மேல் போய் உட்காரும். பக்கத்தில் காலி இடம் இருக்கும், மெத்தென்ற கோணி இருக்கும், அங்கெல்லாம் உட்காராது. காலையில் நான் எழுவதற்கு முன்பு என் வயிற்றில் ஏறி, சப்பாத்திக்கு மாவு பிசைவதுபோல முன்கால் இரண்டையும் மாற்றி மாற்றி அழுத்தும். எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தூக்கம் வந்தவள் மாதிரி மெதுவாகக் கண்ணை மூடித் திறக்கும். அது முத்தம் கொடுப்பதற்குச் சமம் என்று மகள் போனில் பார்த்துச் சொன்னாள். இருக்கும். என் வீட்டுக்காரர் அப்படிக்கூட என்னைப் பார்த்ததில்லை.

இதையெல்லாம் நான் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. இது தெரியாமல் இருந்த காலத்தில், பதினெட்டு வருசப் பழக்கம் ஒன்றை ஒரே காலையில், குழாயடியில் வைத்து உடைத்தேன்.

பழக்கம் என்று சொன்னது அடுத்த ரூம் அக்காவோடு. அக்காவும் எங்கள் ஊர்ப் பக்கம்தான். தாராவிக்கு எனக்குப் பத்து வருசம் முன்னால் வந்தவள். புருசன் இல்லை. ஒரே மகன், கல்யாணமாகி விக்ரோலியில் இருக்கிறான். அவன் கூப்பிட்டும் போகாமல் இங்கேயே தனியாக இருந்தாள். தனியாக என்றால் பெயருக்குத்தான். அவள் ரூமுக்கும் எங்கள் ரூமுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவரும் மேலே தகரம் வரைக்கும் போகாது. மாளாவில், அதாவது இரும்பு ஏணி வைத்து ஏறுகிற மேல்தட்டில், சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அவள் கடுகு தாளித்தால் நான் தும்முவேன். நான் இங்கே என் மகளைத் திட்டினால் அவள் அங்கேயிருந்து, "விடுட்டி, சின்னப் பிள்ளதான" என்பாள். என் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, பாரம் எழுத, என்னைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போக, எல்லாவற்றுக்கும் அக்காதான்.

பூனையும் அந்த ஒரு சாண் வழியாகத்தான் இரண்டு வீட்டுக்கும் போய்வரும். ஒரு மழைக்காலத்தில் நனைந்து வந்து ஏணிக்கு அடியில் ஒண்டிக்கொண்டது. இரண்டு வீட்டிலும் சாப்பிட்டது. அக்கா மீன் தலையைத் தனியே அவித்து, முள் எடுத்துப் போடுவாள். பேர் வைக்கவில்லை. பேர் வைத்தால் எங்கே நிலைக்காமல் போய்விடுமோ என்று எனக்குப் பயம். அதனால் இரண்டு வீட்டிலும் அது வெறும் பூனைதான்.

போன வருசம் மழை விட்டதும் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. அவர் தோல்பை செய்கிற காரக்கானாவில் வேலை செய்கிறார். இரண்டு நாள் மாத்திரை போட்டுக்கொண்டு போனார். மூன்றாம் நாள் எழ முடியவில்லை. காய்ச்சல் பகலில் இறங்கும், சாயங்காலம் ஏறும். பக்கத்து டாக்டர் மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தார். எனக்குக் கை கால் ஓடவில்லை. அவர் தண்ணீர் கேட்டால்கூட, ஏன் இவ்வளவு தாகம் எடுக்கிறது, இதுவும் ஒரு அறிகுறியோ என்று அவர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.

அந்த வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஏணிக்கு அடியில் ஒரு முடிச்சுருள் கிடந்தது. விரலில் சுற்றி எடுத்த தலைமுடி, எலுமிச்சம்பழம் அளவுக்கு. என்னுடையது இல்லை. என் மகளுடையதும் இல்லை. செக்கச் சிவந்த முடி. எங்கள் சந்தில் நரைக்கு மருதாணி போட்டு அப்படிச் சிவந்த தலை ஒன்றுதான் உண்டு.

தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது.

எங்கள் பக்கத்து ஆள்கள் இதைப் படித்தால் அந்த நேரம் எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருத்தர் வீட்டில் இன்னொருத்தர் முடி சுருட்டிக் கிடந்தால் அது செய்வினை. குடும்பம் கெட வேண்டும் என்று யாரோ ஓதி வைத்தது. அதிலும் செவ்வாய், வெள்ளி என்றால் கேட்கவே வேண்டாம். ஈரமாக இருந்ததா, மஞ்சள் தண்ணீரில் முக்கியிருக்கிறார்கள்.

நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன் என்று சொன்னால் பொய். முதல் தடவை, தவறி வந்திருக்கும் என்றுதான் சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை இன்னொன்று வந்தது. இந்தத் தடவை என் தலையணைக்குப் பக்கத்தில். அப்போதுதான் மனசு கணக்குப்போட ஆரம்பித்தது. அக்கா தலை வாரினால் உதிர்கிற ஒரு முடியையும் வீணாக்க மாட்டாள். சுருட்டி, சன்னல் கம்பிக்குப் பக்கத்தில் மூடியில்லாத ஒரு ஊறுகாய் டப்பாவில் போட்டு வைப்பாள். சந்துக்குள் முடி வாங்குகிறவன் வந்தால் அதைக் கொடுத்துவிட்டு ஹேர்பின், சீப்பு, ஏதாவது வாங்கிக்கொள்வாள். இப்படிச் சேர்த்து வைக்கிற ஒருத்தியின் முடி தவறி எப்படி வந்து விழும்? வைத்தால்தான் வரும்.

என் புத்தி எவ்வளவு ஒழுங்காக வேலை செய்திருக்கிறது பாருங்கள். ஒவ்வொரு படியும் சரி. போய்ச் சேர்ந்த இடம்தான் தப்பு.

இதில் பூனையின் பங்கையும் சொல்ல வேண்டும். இரண்டு தடவையும் முடிக்குப் பக்கத்தில் பூனை உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு மாதிரிக் கத்தியது. பசிக்குக் கத்துகிற சத்தம் இல்லை. தொண்டைக்குள்ளிருந்து அடைத்து வருகிற, நீளமான சத்தம். நான் என்ன நினைத்தேன்? வாயில்லா ஜீவனுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது, இதைத் தொடாதே என்று எனக்குச் சொல்கிறது, காவல் இருக்கிறது என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுந்து போய், வீட்டுக்காரருக்கு வைத்திருந்த மீனில் ஒரு துண்டை எடுத்துப் பூனைக்குப் போட்டேன். தலையைத் தடவி, "நீதான் எங்களுக்குத் தொணை" என்று சொன்னேன்.

அடுத்த செவ்வாய்க்கு மூன்றாவது சுருள் வந்தது. வீட்டுக்காரர் தலையணைமேல், அவர் கன்னத்துக்கு நாலு விரல் தள்ளி. அவர் காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்தார். பூனை பக்கத்தில் உட்கார்ந்து கத்தியது. அதற்கு இன்னொரு துண்டு மீன் போட்டேன்.

மகள் கிங்ஸ் சர்க்கிளில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். சாயங்காலம் வந்ததும் மூன்று சுருளையும் காகிதத்தில் மடித்துவைத்திருந்ததைக் காட்டினேன்.

"அம்மா, க்யா ஹை யே, என்னது இது? சீச்சீ, தூக்கிப் போடு."

"போடக் கூடாது. யார் முடின்னு பாத்தியா?"

பார்த்தாள். சிரித்தாள். "பெரியம்மா முடி. அதுக்கென்ன? காத்துல பறந்து வந்திருக்கும்."

"உருண்டையா சுத்துன முடி காத்துல பறக்குமா? அப்பா தலையணைல வந்து எறங்குமா?"

"அப்பம் நீ என்ன சொல்லுத? பெரியம்மா அப்பாவுக்கு மந்திரம் வைக்காங்களா? பாகல் ஹோ கயி ஹை க்யா?" என்று கேட்டுவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மாளாவுக்கு ஏறிவிட்டாள். பைத்தியமா உனக்கு என்று மகள் கேட்டது எனக்குக் கோபமாக இல்லை. அவளையும் மயக்கி வைத்திருக்கிறார்களே என்றுதான் நினைத்தேன். பயந்துபோன மனசுக்கு எதிர்ச்சாட்சி கிடையாது. எதைச் சொன்னாலும் தன் பக்கத்துக்கே எடுத்துக்கொள்ளும்.

உப்பு, வரமிளகாய், கடுகு எல்லாம் சேர்த்து அந்த முடியோடு வீட்டுக்காரரைச் சுற்றினேன். மூன்று சந்து சேர்கிற இடத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்து கால் கழுவினேன். இது எல்லாரும் செய்வதுதான். இதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை குழாயடி. எங்கள் சந்துக்குத் தண்ணீர் ஐந்தரைக்கு வந்து ஒரு மணி நேரத்தில் நின்றுவிடும். பத்துப் பன்னிரண்டு பெண்கள், டிரம், கேன், பக்கெட், ரப்பர் குழாய். அக்கா எனக்கு முன்னால் நின்றாள். என்னைப் பார்த்ததும் தன் கேனை இழுத்துவிட்டு, "நீ மொதல்ல பிடிட்டி, ஆளு படுத்திருக்காருல்லா" என்று இடம் விட்டாள். விட்டுவிட்டு, "காய்ச்சல் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"நீங்க எப்படி இருக்கணும்னு நெனச்சியளோ அப்படித்தான் இருக்கு."

அக்காவுக்குப் புரியவில்லை. "என்னது?"

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "ஒங்க முடி ஒங்க வீட்டோட இருக்கட்டும்க்கா. எங்க வீட்டுத் தலையணையில கொண்டாந்து வைக்காதிய. எனக்கு ஒரே ஒரு புருசன்தான்."

என் கேன் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மூன்றாவது ரூம் மராத்திக்காரி, என்ன சொன்னாள் என்று பக்கத்தில் நின்றவளிடம் ஹிந்தியில் கேட்டாள். பக்கத்தில் நின்றவள் எதுவும் விடாமல் எடுத்துச் சொன்னாள். அக்கா என்னையே பார்த்தாள். பிறகு பாதி நிரம்பிய கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் கேனைப் பாதியோடு தூக்கிப் போனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வீட்டுக்காரரை மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ரத்தம் பார்த்து, டைபாய்டு என்றார்கள். சரியான மருந்து கொடுத்ததும் காய்ச்சல் படிப்படியாக விட்டது. இரண்டு வாரத்தில் எழுந்து நடமாடினார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? முகத்துக்கு நேரே கேட்டதால்தான் விட்டது என்றேன். அவர் மெலிந்துபோன கையால் கஞ்சித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ஏட்டி, எனக்குக் காய்ச்சல் வயித்துலயா இருந்துச்சு, ஒந்தலையிலயா இருந்துச்சு?" என்று கேட்டார்.

அக்காவோடு பேச்சு நின்றது. குழாயடிக்கு அவள் கடைசியாக வருவாள். நான் இருந்தால் தள்ளி நிற்பாள், நானும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமுவது கேட்கும், நான் மிஷினை வேகமாக ஓட்டுவேன். ஆனால் பூனைக்கு மீன் தலை போடுவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. பூனை வாயை நக்கிக்கொண்டே வந்து என் மடியில் ஏறும். அந்த மீன் வாசத்தில் எனக்கு ஏதோ செய்யும். அதையும் பயம் என்றே எடுத்துக்கொண்டேன்.

முடி மட்டும் நிற்கவில்லை. வாரத்துக்கு இரண்டு, தவறாமல். கண்டதும் வழித்தெடுத்து வெளியே எறிந்துவிட்டு, காவல் இருந்த பூனைக்கு மீன் போட்டுக்கொண்டிருந்தேன். காலைகளில் நான் தைத்து முடித்த உள்துணிகளைக் கொடுக்கப் போய்விடுவேன். மத்தியானம் திரும்பி வந்தால் முடி கிடக்கும். ஆள் இல்லாத நேரம் பார்த்து வைக்கிறாள் என்று அதற்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது.

ஒரு மாதம் ஆகியிருக்கும். அக்கா ரூமைக் காலி செய்துகொண்டு விக்ரோலிக்கு மகனிடம் போகப்போகிறாள் என்று மகள் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டெம்போ வருகிறது. மகள் என் முகத்தைப் பார்க்காமல், "உனக்குச் சந்தோசம்தானம்மா?" என்று கேட்டாள். சந்தோசம் என்றுதான் சொன்னேன். அன்று நான் தைத்த உள்துணி பன்னிரண்டும் உள்பக்கம் வெளியே வந்துவிட்டது. பிரித்துத் தைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஆர்டர் எதுவும் இல்லை. நான் வெளியே போகவில்லை. மாளாவில் ஏறி, மழைக்கு எடுத்துவைத்த பிளாஸ்டிக்கை மடித்துக்கொண்டிருந்தேன். பத்து மணி இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டு வந்து, துண்டால் தலையை அடித்து உலர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு சீப்பு இழுக்கிற சத்தம். செவ்வாயும் வெள்ளியும் நாங்கள் எல்லாரும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். நானும்தான் குளிக்கிறேன். அந்த இரண்டு நாளில்தான் அதிகமாக முடி உதிரும், அந்த இரண்டு நாளில்தான் சுருளும் இருக்கும் என்பது, மாளாவில் குனிந்து உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்கிறவரை எனக்கு உறைக்கவில்லை.

அக்கா கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள். சற்று நேரத்தில் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் இரண்டு காது தெரிந்தது. பிறகு தலை. வாயில் சிவப்பாக ஒரு சுருள். எலிக்குஞ்சைக் கவ்வுவதுபோல, அழுத்தாமல், பத்திரமாகக் கவ்வியிருந்தது. வாய் நிறைய இருக்கும்போதே கத்தியது, சத்தம் தொண்டைக்குள்ளிருந்து அடைத்து நீளமாக வந்தது. அந்தச் சத்தம்தான்.

நான் மாளாவில் இருப்பதை அது கவனிக்கவில்லை. ஏணி வழியே இறங்கி, நேராக என் தலையணைக்குப் போய், சுருளை இறக்கி வைத்தது. வைத்ததை முன்காலால் சற்றுத் தள்ளி, நடுவில் சேர்த்தது. தேங்காய் எண்ணெய் வாசத்துக்கு இரண்டு தடவை நக்கியது. ஈரம் எப்படி வந்தது என்பதும் அதோடு தெரிந்துபோயிற்று. பிறகு நிமிர்ந்து, வீடு முழுக்க என்னைத் தேடிக் கத்தியது. நான் மேலேயிருந்து, "இங்கன இருக்கேன்" என்றேன். அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தது.

ஒரு மாதமாக அது எனக்குத் தன்னால் முடிந்ததை வேட்டையாடிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. காய்ச்சல்காரருக்கும் ஒரு பங்கு. எடுத்துக்கொண்டு மீனும் போட்டிருக்கிறேன். என்ன நல்ல வியாபாரம் இது என்று அது நினைத்திருக்கும். பூனையைக் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை.

ஏணியில் இறங்கினேன். யோசிக்கவில்லை. யோசித்தால் போகமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அந்த ஈரச் சுருளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அக்கா திரும்பி வருவதற்காக அவள் வாசலில் போய் நின்றேன். உள்ளே சன்னல் வழியாகப் பெட்டிகள் தெரிந்தன. பாத்திரங்களைச் சேலையில் மூட்டையாகக் கட்டியிருந்தாள்.

அவள் கொத்தமல்லிக் கட்டோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"எக்கா, பூனைதான் கொண்டாருது. இப்பம் என் கண்ணால பாத்தேன். ஒங்க டப்பாவுல இருந்து எடுத்து, மேல வழியா வந்து, என் தலையணையில வைக்கு. நான் தப்பாப் பேசிட்டேன். என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க."

அவள் என் கையிலிருந்த சுருளைப் பார்த்தாள். "பூனையா" என்றாள்.

"ஆமாக்கா."

"ஒனக்குப் பூனை மேல சந்தேகம் வரல. என் மேலதான் வந்துச்சு."

நான் சுருளைக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

"ஒம் பிள்ளய என் மடியில போட்டு வளத்தேன்ட்டி. ஒம் புருசன் சாகணும்னு நான் நெனப்பேன்னு ஒனக்கு எப்படித் தோணுச்சு? முடி கெடந்தா, எக்கா ஒங்க முடி இங்க கெடக்குன்னு ஒரு வார்த்த வந்து கேட்டா என்ன கொறஞ்சிரும்?" குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். "இப்பம் இங்க வந்து காதோட காதா சொல்லுத. அன்னைக்கு எங்க வச்சுச் சொன்ன?"

"குழாயடில."

"எத்தன பேரு நின்னா?"

"எல்லாரும்."

"அப்பம் அங்கன வந்து சொல்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்று பகல் முழுக்க நான் தைக்கவில்லை. நாலு பேர் முன்னால் பேசுவது என்றாலே எனக்கு வியர்க்கும். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் மீட்டிங் என்றால்கூட அக்காவைத்தான் அனுப்புவேன். என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நடுவில் அழுகை வந்தது. வீட்டுக்காரர், "திட்டுறதுக்கு ஒத்திகை பாத்தியா? அது பாட்டுக்கு வந்துச்சுல்லா? இதுவும் வரும், போ" என்றார். அவர் சொன்னதில் உருப்படியானது என்று இதைத்தான் இன்றைக்கும் சொல்வேன்.

சனிக்கிழமை காலை எல்லாரும் வந்துவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா கடைசியில் நின்றாள். நான் பக்கெட்டைக் கீழே வைத்தேன்.

"எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. அன்னைக்கு நான் அக்காவச் சொன்னது பொய்யி. அவங்க முடிய எங்க வீட்டுக்குக் கொண்டாந்தது பூனை. நான் கண்ணால பாத்தேன். எனக்குத்தான் புத்தி இல்ல. அக்கா மேல ஒரு தப்பும் இல்ல."

சொல்லி முடிக்கும்வரை குரல் உடையவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மராத்திக்காரிக்காகத் திரும்பி, எனக்குத் தெரிந்த ஹிந்தியில் அதையே மறுபடியும் சொன்னேன். அன்று ஒருத்தி எடுத்துச் சொன்ன மாதிரி இன்றும் வேறு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம் என்று தோன்றியது. பூனை முடியை வாயில் கவ்விக்கொண்டு வந்ததை, "ஐசா முஹ் மே" என்று வாயைக் குவித்துக் காட்டினேன். முதலில் சிரித்தது அவள்தான். பிறகு வரிசையே சிரித்தது. கடைசி ரூம்காரி, "பூனைக்குச் சவுரி வச்சுப் பின்னி விடுங்க!" என்றாள். இன்னொருத்தி, என் புருசன் சம்பளத்தைக் கொண்டுவந்து தலையணையில் வைத்ததில்லை, இந்தப் பூனையை எனக்கு ஒரு மாசம் தாயேன் என்றாள். அக்கா சிரிக்கவில்லை. ஆனால் அன்று கேனை முழுக்க நிரப்பிக்கொண்டுதான் போனாள்.

மத்தியானம் நான் அவள் ரூமுக்குப் போனேன். கூப்பிடவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. மூட்டைகள் அப்படியே இருந்தன. அவற்றுக்கு நடுவில் அவள் மீன் தலை அவித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை டெம்போவுக்கு ஒரு நாள்தான் இருந்தது. நான் ஓரமாக உட்கார்ந்தேன்.

அவள் தட்டில் மீனைப் போட்டாள். பூனை சாப்பிட்டது. அவளே பேச்சை ஆரம்பித்தாள். "நான் ஒண்ணு கேக்கேன். தெனமும் சோறு போடுதது நானு. முள்ளு எடுக்குதது நானு. முடியும் என் முடி. கொண்டுபோய்க் குடுக்குதது மட்டும் ஒனக்கா? எனக்கு ஒரு கரப்பான்பூச்சி கொண்டாந்து தந்திருக்குமா இது?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, வேறு எதைவிடவும் இது அவளைக் கொஞ்சம் கூடுதலாகச் சுட்டிருக்கிறது என்று. பூனை சாப்பிட்டு முடித்துவிட்டு, அக்காவின் காலடியில் போய், முதுகை அவள் பக்கம் காட்டி, வாசலைப் பார்த்து உட்கார்ந்தது.

"பாத்தியா? தின்னுட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காருது. தெனமும் இப்படித்தான்."

இந்த இடத்தில் நான் தடுமாறவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் இது. "அது மூஞ்சியத் திருப்பலக்கா. எங்கிட்ட ஒரு நாளும் அது இப்படி உக்காந்ததில்ல. எங்கிட்ட எதுக்க உக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருக்கும். நான் எப்பம் என்ன செய்வேனோன்னு அதுக்கு ஒரு கண்ணு எம்மேலயே இருக்கும். பூனை பின்னாடி யாரு இருக்கான்னு பாக்காம உக்காராது. பின்னாடி இருக்குதது நீங்கன்னா அதுக்குத் திரும்பிப் பாக்க வேண்டிய தேவையே இல்ல. அதான் முதுகக் காட்டுது. எனக்குக் குடுக்குதது வெறும் முடி. ஒங்களுக்குக் குடுக்குதது அதோட முதுகு."

அக்கா பூனையின் முதுகைப் பார்த்தாள். கையை நீட்டி, முதுகெலும்பு வழியே ஒரு விரலை ஓட்டினாள். பூனை திரும்பவில்லை. காது மட்டும் லேசாகப் பின்னால் வந்து போயிற்று.

"நீயுந்தான் ஒரு மாசமா எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு நின்ன" என்றாள். "அதுவும் பாசமாட்டி?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, தட்டை எடுத்து வைத்துவிட்டு, போனை எடுத்தாள். மகனுக்குப் போட்டாள். ஸ்பீக்கரில் அவன் குரல் கேட்டது. டெம்போக்காரனுக்கு நேரம் சொல்லிவிட்டானாம்.

"ஏலே, டெம்போவ வேண்டாம்னு சொல்லு. நான் இப்பம் வரல."

ஏன், என்ன ஆச்சு, உடம்புக்கு முடியவில்லையா என்று அவன் அடுக்கினான்.

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லல. இங்க ஒரு பூனைக்கு எம்மேல நல்ல நம்பிக்க இருக்காம். ஒரு ஏழாங்கிளாஸ்காரி சொல்லுதா" என்று சொல்லிவிட்டு, அவன் அடுத்த கேள்வி கேட்பதற்குள் போனை வைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், பாத்திர மூட்டையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். முடிச்சு இறுகியிருந்தது. நான் எழுந்து போய் மறுமுனையைப் பிடித்தேன்.